பழைய வெள்ளிக் கலங்களில் முத்திரையும் பெயர்ப்பொறிப்பும்: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பளங்களை ஒட்டி அமைந்த ஊர் மரக்காணம். பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இதுவே. வடக்கே ஆங்கிலேயரின் சென்னை. தெற்கே 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி. ஆகவே, இக்கடற்கரையில் பழைய வெள்ளிக் கலங்களை ஆராயப் புகுவோர் இருவேறு முத்திரை மரபுகளை எதிர்கொள்ள நேரலாம். அவற்றோடு, முத்திரை நூல்கள் பேசாத மூன்றாவது மரபு ஒன்றும் உண்டு. அது கலத்தில் பெயர் வெட்டும் தமிழ் வழக்கம். காலக்கணிப்பில் இதற்குரிய இடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றும் கையொப்பமும்

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டுச் சட்டம் சிறுத்தைத் தலை முத்திரையைக் கட்டாயமாக்கியது. 1363இல் செய்தோர் குறியும், 1478இல் ஆண்டெழுத்தும், 1544இல் நடக்கும் சிங்கமும் சேர்ந்தன. இவற்றுள் செய்தோர் குறி மட்டுமே கைவினைஞருக்கு உரியது. ஏனையவை சோதனை நிலையம் அளித்த சான்றுகள். பிரான்சில் 1838 முதல் மினர்வா தெய்வத்தின் தலை இடப்பட்டது. அதனருகில் உள்ள 1 என்னும் எண் ஆயிரத்தில் 950 பங்கு வெள்ளியையும், 2 என்பது 800 பங்கையும் குறிக்கும். செய்தோர் குறி சாய்சதுரக் கட்டத்துள் அமையும். இதனால் பிரெஞ்சுக் கலத்தை ஆங்கிலக் கலத்திலிருந்து எளிதில் பிரித்தறியலாம்.

காலனிய இந்தியாவிலோ இத்தகைய கட்டாயச் சோதனை நிலையம் நிறுவப்படவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் இயங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ், தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டுக் கலங்களில் தன் பெயரையே பொறித்தது. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் யானை உருவத்தையும் எழுத்துகளையும் ஆங்கில முத்திரை வரிசைபோல் அடுக்கியது. தோற்றத்தில் சான்றாகத் தெரியும் இவை உண்மையில் கையொப்பங்களே. விற்றவர் யார் என்பதை இவை கூறும்; வெள்ளியின் மாற்றுக்குப் பிறர் பிணை நின்றதாகக் கூறா. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெள்ளிக்கு முத்திரையிடத் தொடங்கியது 2005இல்தான். ஆதலால் பழைய உள்நாட்டுக் கலத்தின் தரத்தை உரைகல்லோ கருவிச் சோதனையோதான் உறுதிசெய்ய வேண்டும். சிலப்பதிகாரத்தில் சிலம்பின் உரிமையை மெய்ப்பித்தது உள்ளிருந்த பரலேயன்றி வெளியில் இட்ட குறியன்று என்பதை இங்கு நினைவுகூரலாம்.

தனித்தனிக் கட்டங்களில் அமைந்த ஈ.பி.என்.எஸ். என்னும் எழுத்துகள் பலரை மயக்குகின்றன. அவை மின்முலாம் பூசிய கலப்பு உலோகத்தைக் குறிப்பன. இம்முறைக்கு எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் காப்புரிமை பெற்றனர். வேறொரு கலத்தின் முத்திரைத் துண்டை வெட்டி அடியில் பற்றவைக்கும் மோசடியும் உண்டு. அடிப்பகுதியில் வாயால் ஊதினால், ஆவி படியும்போது பற்றுக்கோடு தெரியக்கூடும்.

வெட்டிய பெயர்

சீர்வரிசையாகத் தரும் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், பாலாடை முதலியவற்றில் உரிமையாளர் பெயரைப் புள்ளிப் புள்ளியாக வெட்டுவது நம் வழக்கம். சிலவற்றில் ஊரும் தமிழ் ஆண்டின் பெயரும் இடம்பெறும். பெயர் பிற்காலத்திலும் வெட்டப்பட்டிருக்கலாமாகையால், கலம் அவ்வாண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டது என்று கொள்வதே முறை.

1975க்கு முன் இலண்டன் ஆண்டெழுத்து இருபது எழுத்துகளில் ஒரு சுற்றை முடித்து மீண்டும் தொடங்கியது. எழுத்தின் வடிவமும் கட்டத்தின் வடிவமுமே சுற்றைப் பிரித்துக் காட்டும். தமிழ் ஆண்டுப் பெயரோ அறுபதாண்டுச் சுற்று. ‘பிரபவ’ என்று மட்டும் இருந்தால் அது 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளுள் எதில் தொடங்கியதாகவும் இருக்கலாம். இங்கும் எழுத்து வடிவமே துணை. ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வடிவில் இருப்பின், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்திய பழக்கம் எனலாம். எனினும் ஆணைக்குப் பின்னும் முதிய கைவினைஞர் பழைய வடிவத்தைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. எனவே இஃது ஒரு சாய்வே, முடிந்த முடிபன்று. 1867ஐயும் 1927ஐயும் பிரிப்பது இன்னும் கடினம். மெய்யெழுத்துப் புள்ளியின்மை, எகர ஏகார வேறுபாடின்மை, தமிழ் எண்கள் ஆகியன முந்தியதன் பக்கம் சாயும். ஆனால் புள்ளிகளாலேயே எழுத்தை அமைக்கும் இம்முறையில் மெய்ப்புள்ளியைத் தேடுவது கண்ணுக்குச் சோதனைதான்.

இப்பொறிப்புகளைப் படிக்க வெள்ளி வல்லுநரினும் தமிழ்க் கல்வெட்டியல் பயின்றவரே தகுதியுடையவர். ஆயினும் நம் துறை கல்லிலும் செப்பேட்டிலும் காட்டும் அக்கறையை வீட்டுக் கலங்களில் காட்டவில்லை. கடையில் எடைக்கும் ‘டச்’சுக்கும் மட்டுமே விலை, பெயரும் ஆண்டும் மூசையில் உருகிப்போகின்றன.

கடற்காற்றில் கறுத்த வெள்ளியைத் திருநீறிட்டுத் துலக்குவது வழக்கம். தலைமுறைதோறும் தேய்த்த கலத்தில் புடைப்பு மழுங்கும். வெட்டிய பள்ளங்களின் ஓரமும் உடன் தேயும். சுற்றியுள்ள பரப்பு தேய்ந்திருக்க எழுத்து மட்டும் கூர்மையாக இருப்பின், அது பிந்தி வெட்டியதா என ஐயுறவேண்டும். இத்தேய்மானமும் சான்றாதலால், படியெடுக்குமுன் கலத்தைத் துலக்குதல் கூடாது. சாய்வொளியில் ஒளிப்படம் எடுத்தல், மெல்லிய தாளில் பென்சிலால் படியெடுத்தல், எடையைக் குறித்தல் ஆகியவற்றை முதலில் முடித்துவிட வேண்டும்.