வெந்நீரின் விலை
(கொதிநீர்க் குழாயும் மின்சாரக் கெட்டிலும்: ஓர் ஒப்பீடு)

குடும்பச் செலவுகளில் பெரியவற்றை நாம் எண்ணிப் பார்த்துச் செய்கிறோம். நாள்தோறும் சிறுகச் சிறுக நிகழும் செலவுகளை எண்ணுவதில்லை. வெந்நீர் காய்ச்சும் செலவு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. காப்பிக்கும், தேநீருக்கும், குழந்தைகளும் முதியோரும் பருகும் நீருக்குமாக ஒவ்வொரு வீட்டிலும் தினம் பல முறை நீர் காய்கிறது. அதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் சிக்கனக் கடன் விண்ணப்பத்துடன் வந்து, "ஐயா, குழாயைத் திருகினாலே கொதிநீர் வருகிறதாம். தறியை விட்டு அடிக்கடி எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. கடன் எடுத்து வாங்கலாமா?" என்று வினவினார். இது அவர் ஒருவருடைய வினா மட்டுமன்று. ஆதலின் கணக்கை அங்கத்தினர் அனைவர் முன்னும் வைப்பது நலம் என்று கருதுகிறேன்.

கணக்கின் அடிப்படை

ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை 1 பாகை உயர்த்த 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நம் பகுதிகளில் குழாய் நீர் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் இருக்கிறது. அது கொதிக்க 100 பாகையை எட்ட வேண்டும். ஆகவே ஒரு லிட்டருக்கு 70 கிலோ கலோரி தேவை. மின்சாரம் ஒரு யூனிட்டு 860 கிலோ கலோரி வெப்பம் தரும். 70-ஐ 860-ஆல் வகுத்தால், லிட்டருக்கு 0.081 யூனிட்டு என்று கிடைக்கும். எந்தக் கருவியாலும் இதற்குக் குறைந்து நீரைக் கொதிக்க வைக்க இயலாது. கருவிக்குக் கருவி வேறுபடுவது இதற்கு மேல் வீணாகும் அளவு மட்டுமே.

கெட்டிலின் கணக்கு

மின்சாரக் கெட்டிலில் சூடேற்றும் தகடு நீரை ஒட்டியே இருப்பதால் வீண் குறைவு. பாத்திரம் சூடாவதையும் ஆவி வெளியேறுவதையும் சேர்த்து, லிட்டருக்கு 0.1 யூனிட்டு என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். அதாவது ஒரு யூனிட்டில் 10 லிட்டர். நாள் ஒன்றுக்கு 3 லிட்டர் காய்ச்சும் குடும்பத்திற்கு 60 நாட்களில் 18 யூனிட்டு ஆகும். கணக்குக்காக யூனிட்டு ரூ. 5 என்று கொண்டால் ரூ. 90 செலவு.

கொதிநீர்க் குழாயின் கணக்கு

நெதர்லாந்து நாட்டினரான ஹென்றி பெட்டெரி என்பவர் உடனடி சூப் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில், 1970ஆம் ஆண்டில், வீட்டில் உடனடியாகக் கொதிநீர் கிடைத்தால் என்ன என்று எண்ணினார். அவ்வெண்ணத்திலிருந்து பிறந்ததே இக்குழாய். இன்று ஐரோப்பிய நாடுகளின் சமையலறைகளில் இது பரவியுள்ளது. குழாய்த் தொட்டிக்கு அடியில், பெரும்பாலும் 3 லிட்டர் கொள்ளும் சிறு கலம் ஒன்று இருக்கும். அதில் நீர் அழுத்தத்தில், 100 பாகைக்கும் சற்று மேலாக, இரவும் பகலும் காத்து வைக்கப்படுகிறது.

இக்காவலுக்குத்தான் விலை தர வேண்டியிருக்கிறது. வெற்றிடக் காப்புள்ள சிறந்த கலத்தில் வெப்ப இழப்பு ஏறத்தாழ 10 வாட்டு. இது 24 மணி நேரத்தில் 0.24 யூனிட்டு, 60 நாட்களில் 14.4 யூனிட்டு. நீரைச் சூடாக்க ஆகும் 14.6 யூனிட்டையும் கூட்டினால் மொத்தம் 29 யூனிட்டு, அதாவது ரூ. 145. காப்பு மட்டமாக இருந்து இழப்பு 30 வாட்டு ஆயின், மொத்தம் 58 யூனிட்டு, ரூ. 290. ஒரு சொட்டு நீரும் எடுக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனாலும், இணைப்பைத் துண்டிக்காத வரை இக்காவற் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

கெட்டிலின் குறையும் உண்டு

இதனால் கெட்டில் எப்போதும் சிக்கனமானது என்று முடிவு கட்டிவிடலாகாது. இரண்டு தம்ளர் வேண்டிய இடத்தில் கெட்டிலை நிரப்பிக் காய்ச்சி, மிஞ்சியதை ஆறவிட்டு, மறுமுறை மீண்டும் காய்ச்சும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. 3 லிட்டர் தேவைக்கு 5 லிட்டர் காய்ச்சும் வீட்டில் 60 நாட்களுக்கு 30 யூனிட்டு செலவாகும். அப்போது சிறந்த கொதிநீர்க் குழாயின் செலவும் கெட்டிலின் செலவும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே சிக்கனம் கருவியில் பாதி, கையாளும் முறையில் பாதி. வேண்டிய தம்ளரால் அளந்து ஊற்றுபவருக்கே கெட்டில் லாபம் தரும்.

எரிவாயு அடுப்பு

சமையல் எரிவாயு கிலோவுக்குச் சுமார் 10,900 கிலோ கலோரி தரும். மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால் அதில் 60 சதவீதம் நீரைச் சேர்வதாகக் கொள்ளலாம். லிட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம் எரியும். 60 நாட்களில் 180 லிட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 14.2 கிலோ சிலிண்டரின் விலையை ரூ. 900 என்று வைத்தால் செலவு ரூ. 120-ஐ ஒட்டி வரும். மூடாமலும், தீ பாத்திரத்தின் பக்கங்களில் ஏறும்படியும் காய்ச்சினால் இன்னும் கூடும்.

இங்கு ஒரு செய்தியை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். கொதித்த நீரை மேலும் பத்து நிமிடம் கொதிக்க விடுவதால் அது கூடுதலாகச் சுத்தமாகிறது என்று பலர் நம்புகின்றனர். நீர் தளதளவென்று கொதித்து, பின் தானாக ஆறினால், நோய்க்கிருமிகளை அழிக்க அதுவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு லிட்டர் நீர் முழுவதும் ஆவியாக 540 கிலோ கலோரி வேண்டும். கால் லிட்டரை ஆவியாக விடுவதற்கு 135 கிலோ கலோரி. ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்த செலவைப் போல் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேலும், உவர்ப்பும் சாயக் கழிவின் உப்புகளும் கொதிப்பதால் நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு மிகவே செய்யும். அத்தகைய நீருக்குப் பரிகாரம் அடுப்பில் இல்லை. வேறு நல்ல நீரைத் தேடுவதே வழி.

கட்டணத்தின் நுட்பம்

மேலே யூனிட்டு ரூ. 5 என்றது கணக்குக்காக மட்டுமே. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயரும் விகிதத்தில் அமைந்தது. புதிதாக ஒரு கருவி வாங்கினால், அது செலவிடும் யூனிட்டுகள் நம் கணக்கின் கடைசிப் படியில்தான் சேரும். அவற்றுக்கு அப்படியின் உயர்ந்த விகிதமே பொருந்தும். 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு, கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரத்தை இரு மாதங்களுக்கு 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. இச்சலுகை தறியோட்டத்திற்கு வெளிச்சமும் குடும்பத்திற்குச் சிறிது நிம்மதியும் தருவதற்காக ஏற்பட்டது. நீரை வீணே சூடாக வைத்திருப்பதற்கு அதில் 40 அல்லது 50 யூனிட்டை ஒதுக்குவது அறிவுடைமையாகாது. சலுகை அளவின் ஓரத்தில் நிற்கும் இல்லத்திற்கு அந்த 40 யூனிட்டும் முழு விலையாகவே வந்து சேரும்.

பெயரில் மயங்கலாகாது

விண்ணப்பித்த அங்கத்தினரிடம் கடைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் கண்டது கொதிநீர்க் குழாயே அன்று. 3,000 வாட்டு உடனடி வெந்நீர்க் குழாய். நீர் ஓடும்போதே சூடேற்றும் கருவி இது. 3,000 வாட்டு ஒரு நிமிடத்தில் தருவது 43 கிலோ கலோரி. நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் நீர் ஓடினால் 30 பாகை நீர் 51 பாகைக்கே உயரும். பாத்திரம் துலக்க அது போதும். தேநீருக்கும் ஆகாது, நீரின் கிருமி நீக்கவும் ஆகாது. அது இழுக்கும் மின்னோட்டமோ 13 ஆம்பியர். விளக்கும் விசிறியும் மட்டும் ஓடும் பழைய கம்பிகளில், நில இணைப்பு இல்லாத வீட்டில், ஈரக்கையால் தொடும் குழாயில் இதைப் பொருத்துவது உயிருக்கே ஆபத்து. உரிமம் பெற்ற மின் பணியாளர் பார்த்து ஒப்பாமல் இதை வாங்கவே கூடாது.

நேரத்தின் விலை

அவருடைய உண்மையான குறை பணமன்று, நேரம். தறியை விட்டு எழுந்தால் ஓட்டம் தடைப்படுகிறது, கூலியும் குறைகிறது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் 1,500 வாட்டுக் கெட்டிலில் இரண்டு தம்ளர் நீர், 300 மில்லி, கொதிக்க ஒன்றேகால் நிமிடமே ஆகிறது. கொதித்ததும் அது தானே நின்றுவிடும். அருகில் காவல் நிற்க வேண்டியதில்லை. காலையில் ஒரு முறை ஒரு லிட்டர் காய்ச்சி நல்ல பிளாஸ்க்கில் ஊற்றித் தறிக்கருகில் வைத்துக்கொண்டால், முற்பகல் முழுவதற்கும் சூடான நீர் கைக்கெட்டும். பிளாஸ்க்கும் வெற்றிடக் காப்பினால்தான் வேலை செய்கிறது. கொதிநீர்க் குழாயின் கலம் செய்யும் பணியை அது மின்சாரம் இன்றியே செய்கிறது.

எனவே நான் அவருக்குக் கூறிய யோசனை இதுவே: தானே நிற்கும் அமைப்புள்ள, தரமுத்திரை பெற்ற கெட்டில் ஒன்றும், பிளாஸ்க்கு ஒன்றும் வாங்குக. இரண்டுக்கும் கடன் தேவைப்படாது, சேமிப்பிலிருந்தே முடியும். உவர்நீர்ப் பகுதியாதலால் கெட்டிலின் அடியில் வெள்ளை உப்புப் படியும். மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பு கரைத்த நீரைக் காய்ச்சி, சற்று ஊறவிட்டு, நன்றாகக் கழுவுக. அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்.

இக்கணக்கை என் சொல்லைக் கொண்டு நம்ப வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் மற்ற மின் கருவிகளை நிறுத்தி, மின் அளவியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, குளிப்பதற்கான 10 லிட்டர் நீரைக் கெட்டிலில் தவணை தவணையாகக் காய்ச்சிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு யூனிட்டு ஓடியிருக்கும். சங்கத்தின் பேரேட்டை வருடந்தோறும் சரிபார்க்கும் அங்கத்தினர், வீட்டின் பேரேட்டையும் இவ்வாறு ஒருமுறை சரிபார்த்துக் கொள்வது நன்று. கடன் என்பது வருவாயைப் பெருக்கும் பொருளுக்கும் தவிர்க்க இயலாத தேவைக்கும் உரியது. எதை வாங்குவதாயினும் அதன் விலையோடு, அதை வைத்திருக்கும் செலவையும் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவோமாக.