பத்துப் பாத்திரமும் அரை மணி நேரமும்

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் சிங்க்கை அழுக்காக்குவது முதலில் சோறு, அப்புறம்தான் எண்ணெய். காலையில் வடித்த சோறு பானையின் உள்விளிம்பில் மத்தியானம் வரை காய்ந்து, சாயங்காலம் பத்துப் பாத்திரமாகத் தொட்டியில் விழும்போது நகத்தால் சுரண்டினாலும் வராது. உடனே கம்பி நாரை எடுப்போம். கை வலிக்கும், பாத்திரத்தில் கீறல் விழும், அடுத்த நாள் அந்தக் கீறலிலேயே சோறு இன்னும் கெட்டியாக ஒட்டும்.

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. தண்ணீரோடு சேர்ந்து 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது அதன் நுண்மணிகள் நீரைக் குடித்து உப்பிப் பசையாகின்றன. போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையிலும் நடப்பது இதுதான். ஈரம் வற்றியதும் மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுகள் நெருங்கி இறுகிக்கொள்கின்றன, பாத்திரத்தையும் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கத் தண்ணீரே போதும். ஆனால் காய்ந்த படலத்துக்குள் தண்ணீர் மெல்லத்தான் நுழையும். வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறினால் விரலால் வழித்தே எடுத்துவிடலாம். முட்டை ஒட்டிய தட்டுக்கு மட்டும் முதலில் வெந்நீர் ஆகாது, புரதம் இன்னும் இறுகிவிடும்.

ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959-ல் இந்தக் கணக்கை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். எதைக் கழுவினாலும் நான்கு சங்கதிகள் சேர்ந்தே வேலை செய்கின்றன: வேதிப்பொருள், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்ற மூன்றில் ஏதாவது கூட வேண்டும். நம் வீடுகளில் நேரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு தேய்ப்பைக் கூட்டுகிறோம். பாத்திரம் ஊறும் நேரத்தில் யாரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை என்பதை ஏனோ கணக்கில் எடுப்பதில்லை.

டெல்டாவில் சோப்புத்தூள் வருவதற்கு முன்பு தேய்க்க உதவியதும் நெல்தான். நெற்பயிர் வயல்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர் வழியாக ஏராளமாக உறிஞ்சுகிறது. அந்த வேலையைச் செய்யும் மரபணு ஒன்றை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா தலைமையிலான குழு 2006-ல் அடையாளம் கண்டது. உறிஞ்சிய சிலிக்கா இலையிலும் உமியிலும் போய்ப் படிகிறது. களை பறிக்கிறவர்களின் கையை நெல் இலை அறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா. அதாவது பயிரே பொடித்துக் கொடுத்த மணல்.

விறகுச் சாம்பலின் குணம் வேறு. அதில் பொட்டாசியம் கார்பனேட் இருப்பதால் ஈரம் பட்டதும் காரமாகி, எண்ணெயில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். அடுப்புச் சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை இளக்க, உமிச் சாம்பல் கரியைச் சுரண்ட, தேங்காய் நார் இரண்டையும் பிடித்துக்கொள்ள, கிணற்றடியில் வேலை முடிந்துவிடும். இன்றைக்குக் கடையில் விற்கும் விளக்கும் தூளிலும் இதே இரண்டு வேலைகள்தான் நடக்கின்றன: பொடித்த கல் சுரண்டும், சோடா பிசுக்கை இளக்கும். பழையது என்பதற்காக உமிச் சாம்பலைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். அரிசி ஆலைக் கொதிகலனில் கடும் சூட்டில் எரிந்த உமியின் சிலிக்கா படிகமாக மாறிவிடக்கூடும். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. பளபளப்பான சிங்க்கில் தேய்த்தால் கீறலும் நிச்சயம்.

பித்தளைக்கு வேண்டியது புளி. நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ, கும்பகோணத்தில் வாங்கிய பித்தளை ஃபில்டரோ கறுப்பதற்குக் காரணம், அதிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து ஆக்ஸைடாவது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்த ஆக்ஸைடைக் கரைத்து, செம்பைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். கரைத்த புளியைப் பூசிவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பார்க்கலாம். பிறகு கழுவி உடனே துடைக்க வேண்டும், ஈரமாக விட்டால் மறுபடி மங்கும்.

எவர்சில்வருக்குப் புளி வேண்டாம். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கிய குரோமியம் எஃகின் வழிவந்ததுதான் நம் சிங்க்கும். நல்ல ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் தோல் தானே வளர்ந்துவிடும். அதைத் துளைப்பது குளோரைடு. பிளீச்சிங் பவுடர் கரைசலை ராத்திரி முழுக்கத் தேக்கி வைத்தால் புள்ளி புள்ளியாய்க் குழி விழும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு நீர் புழங்கும் வீடுகளில், கடைசியாக ஒரு துணியால் சிங்க்கைத் துடைத்துவிடுவதுதான் மிகச் சிறிய செலவு. குழாயடியில் படியும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பிழிந்த எலுமிச்சைத் தோலைக் கொஞ்ச நேரம் அதன்மேல் கவிழ்த்து வைத்தால் கரைந்துவிடும்.

மேடையில் பதித்திருப்பது கடப்பா கல் என்றால் எலுமிச்சையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அது சுண்ணாம்புக் கல், அமிலம் பட்ட இடம் வெளுத்துவிடும். கிரானைட் தாங்கும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை காட்டும் வித்தை இப்போது வெகு பிரபலம். பார்க்க நன்றாயிருக்கிறது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே உருப்படியாக வேலை செய்யும்.

சிங்க் அடியில் நாற்றம் வருகிறதென்றால் கஞ்சியைச் சந்தேகிக்கலாம். பின்கட்டில் மாடு இருந்த வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின, சாக்கடைக்கு வந்தது சொற்பம். மாடு போய்விட்டது, கஞ்சி குழாய்க்குள் போகிறது. வளைந்த குழாயில் அது ஆறிக் கெட்டியாகி, எண்ணெயையும் பருக்கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிர்களுக்கு அங்கே தினமும் விருந்து. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாயும் இளகும். ஆறவைத்து, நீர்க்க விளாவிச் செடிக்கு ஊற்றலாம். குக்கருக்கு மாறியவர்களுக்கு இந்தத் தொல்லை பாதி குறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தேய்க்கும் பஞ்சு. ஜெர்மனியில் வீடுகளில் பயன்பட்ட 14 பஞ்சுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி பாக்டீரியாக்கள் வரை இருந்தன. அவை எல்லாமே நோய் தருபவை அல்ல. ஆனாலும் ஈரப் பஞ்சால் மேடையைத் துடைப்பதைச் சுத்தம் செய்வதாகச் சொல்ல முடியாது. பஞ்சைச் சிங்க்குக்குள்ளேயே கிடக்க விடாமல், பிழிந்து ஜன்னல் கம்பியில் செருகி வைக்கலாம். தேங்காய் நாருக்கு இந்தக் கவலை குறைவு: இடைவெளி அதிகம் என்பதால் சீக்கிரம் உலரும், நாலு நாளில் தூக்கிப் போட்டாலும் நஷ்டமில்லை.