மௌத் ஆர்கனின் நாதம் பிறக்குமிடம்

மரத்தாலான மௌத் ஆர்கனே இனிய நாதம் தரும், பிளாஸ்டிக்கால் ஆனது தராது என்னும் நம்பிக்கை அதனை வாசிப்போரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இஃது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைக் கருவியின் அமைப்பே விளக்கும்.

ஜெர்மனியிலுள்ள டிராஸிங்கன் என்னும் ஊரில் கடிகாரத் தொழிலாளரான மத்தியாஸ் ஹோனர் 1857-ஆம் ஆண்டு இக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். பத்துத் துளைகளையுடைய சாதாரணக் கருவியின் நடுவில் சீப்புப் போன்ற சட்டம் ஒன்று உண்டு. அதன் மேலும் கீழும் இரு பித்தளைத் தகடுகள் பொருந்தியிருக்கும். அவற்றில் மொத்தம் இருபது உலோக நாக்குகள் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் ஊதும்போது ஒலிப்பது ஒன்று. மூச்சை இழுக்கும்போது ஒலிப்பது மற்றொன்று.

நாக்கை விரலால் மீட்டினால் மெல்லிய ஒலியே எழும். காற்றைச் செலுத்தினாலோ, அது தன் பிளவினுள் சென்று மீண்டு, காற்றோட்டத்தை ஒரே சீராகத் துண்டிக்கின்றது. இத்துடிப்பே நாதமாகின்றது. வயலினின் மெல்லிய பலகை அதிர்ந்து ஒலியைப் பரப்புகின்றது. இங்கோ தடித்த சட்டம் அவ்வாறு அதிர்வதில்லை. ஆகவே சட்டம் எப்பொருளால் ஆனது என்பதைவிட, அது தகட்டோடு இடைவெளியின்றிப் பொருந்துகின்றதா என்பதே முக்கியம். காற்றுக் கசிந்தால் மூச்சு வீணாகும். மரம் எச்சில் ஈரத்தால் உப்பி, உலர்ந்தபின் சுருங்குவதால் இப்பொருத்தம் கெடக்கூடும். பிளாஸ்டிக்கில் இக்குறை மிகக் குறைவு.

நாக்கிற்கும் தகட்டிற்கும் உள்ள இடைவெளியும் கவனிக்கத்தக்கது. அது மிகுந்தால் வீண்மூச்சுச் செலவாகும். குறைந்தால் பலமாக ஊதும்போது நாக்கு அடைபட்டு ஒலியாது.

பலமுறை வளைவதால் உலோகம் களைப்புறுகின்றது. நாக்கின் அடிப்பகுதியில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி, விறைப்புக் குறைந்து, சுருதி இறங்குகின்றது. எஃகு நாக்குகள் பித்தளையைவிட இதனை நன்கு தாங்குவன. நாக்கின் நுனியை அராவினால் எடை குறைந்து சுருதி உயரும். அடியை அராவினால் விறைப்புக் குறைந்து சுருதி தாழும். ஆனால் வெடித்த நாக்கை அராவிப் பயனில்லை, மாற்றுதலே வழி.

பழுதென ஒதுக்கப்பட்ட கருவி ஒன்று பள்ளியில் இருப்பின், ஆசிரியர் அதனைத் திருகாணி கழற்றி மாணவர்க்குக் காட்டலாம். பல சமயங்களில் நாக்கினடியில் சிக்கிய சிறு தூசியே அக்கருவியை ஊமையாக்கியிருக்கும்.