பலகையில் சுழலும் பம்பரம்

மரப்பலகையில் உருவத்தைச் செதுக்கி, மை பூசி, அதன்மேல் தாளை வைத்து ஒற்றி எடுப்பது மரச்செதுக்கு அச்சு. பலகையில் மேடாக நிற்கும் பகுதி மையை வாங்கித் தாளில் பதியும். உளி தோண்டிய பள்ளம் வெள்ளையாக விடுபடும். தூரிகை பிடிப்பவர் கோட்டைப் போடுகிறார். உளி பிடிப்பவர் கோட்டுக்கு இருபுறமும் உள்ள மரத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மிச்சம் வைக்கிறார். ஒரே மையில் அடிக்கும் அச்சில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் கிடையாது. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை ஏமாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவு கறாரான கலைக்குச் சிறுவயது விளையாட்டுச் சாமான்கள் நன்றாக ஒத்துவருகின்றன. பம்பரம், பட்டம், பல்லாங்குழி, பால் டின்னில் செய்த வண்டி எல்லாவற்றையும் வெளிக்கோட்டைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். மலேசியர்களின் சட்டைப்பையிலேயே இதற்குச் சான்று கிடந்தது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் தொடர் நாணயங்களில் 5 சென்னில் காசிங் எனப்படும் மலாய்ப் பம்பரமும், 10 சென்னில் பல்லாங்குழி போன்ற சொங்காக் விளையாட்டின் பலகையும், 50 சென்னில் வாவ் பட்டமும் இருந்தன. 5 சென் காசின் விட்டம் 16 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அந்த வட்டத்துக்குள், நிறம் ஏதுமின்றி மேடு பள்ளத்தை மட்டும் வைத்துப் பம்பரத்தைக் காட்ட முடிந்தது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நாணயச் சாலை இருப்பது ஷா ஆலமில்.

ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. அதற்கு முன் அது பால்மரம் எனப்படும் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டக்காடு. ஈபோர், மிட்லண்ட்ஸ் என்ற தோட்டப் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் பெரும்பாலும் கடையில் வாங்கியதல்ல. கீழே கிடந்ததைப் பொறுக்கிச் செய்தது. ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் கையில் வைப்பார்கள். இரண்டு கொட்டைகளை அழுத்தி எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். கொட்டையைக் குடைந்து குச்சி செருகி, நூல் கட்டி இழுத்துச் சுற்றும் காற்றாடி செய்வார்கள். அதே ஊரில்தான் இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நுண்கலை மாணவர்களுக்கு அச்சுக்கலையைக் கற்பிக்கிறது. அதன் முன்னோடியான மாரா தொழில்நுட்பக் கழகத்தின் கலை, வடிவமைப்புப் பள்ளி 1967-இல் தொடங்கியது. மலேசிய மரச்செதுக்கில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றான ஜுஹாரி சைட் (பிறப்பு 1961) அங்கே படித்தவர். பிறகு ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு மரபையும் கற்றார்.

ஜப்பானில் விளையாட்டுச் சாமானும் மர அச்சும் நெடுநாள் உறவுக்காரர்கள். எடோ காலத்தின் கடைசியிலும் மெய்ஜி காலத்திலும் சிறுவர்கள் கத்தரித்து ஒட்டி விளையாடுவதற்கென்றே 'ஒமொச்சா-எ' என்னும் அச்சுத் தாள்கள் மலிவாக விற்கப்பட்டன. இவற்றை ஏராளமாக வரைந்த உத்தகவா யோஷிஃபுஜி (1828–1887) 'பொம்மை யோஷிஃபுஜி' என்றே பெயரெடுத்தார். விளையாடிக் கிழித்துப் போடுவதற்காக அச்சிடப்பட்டவை என்பதால் எஞ்சியவை குறைவு. ஷிமிஸு செய்ஃபூ (1851–1913) வேறு வழியில் போனார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து நாட்டுப்புறப் பொம்மைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் படமாக வரைந்து, 1891 முதல் 'உனாய் நொ தொமோ' என்னும் வண்ண மர அச்சு நூல் வரிசையாக வெளியிட்டார். பொம்மையை அச்சில் பதிய விரும்பும் எவரும் ஒருமுறையாவது புரட்ட வேண்டியவை அந்தத் தொகுதிகள். பின்னணி இல்லாமல், நிழல் இல்லாமல், பொம்மை தன் நிறத்தோடும் வடிவத்தோடும் பக்கத்தில் நிற்கும்.

தமிழ் வாசகரின் கண்ணுக்கும் மர அச்சு புதிதல்ல. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்களின் தடித்த கோட்டுப் படங்கள் இந்த வழியில் வந்தவையே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இக்கலையை வளர்த்தவர்களில் சீன ஓவியர்கள் முக்கியமானவர்கள். சீன எழுத்தாளர் லூ சுன் 1931-இல் ஷாங்காயில் நடத்திய பயிற்சிப் பட்டறையிலிருந்து கிளம்பிய புதிய மரச்செதுக்கு இயக்கமே அவர்களுக்குத் தூண்டுதல்.

அச்சு வேலையில் முதல் முடிவு பலகை. மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் இழைகள் ஒரு திசையில் ஓடும். உளி இழையோடு போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே போகும்போது முரண்டு பிடிக்கும். மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் இந்தத் தொல்லை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் பியூயிக் அந்த முகத்தில் மயிரிழைக் கோடுகளைச் செதுக்கினார். ஆனால் அதற்குப் பாக்ஸ்வுட் மாதிரி இறுகிய மரம் வேண்டும். அதில் பெரிய பலகையும் கிடைக்காது. ஜப்பானிய மரபு மலைச் செர்ரி மரத்தை நம்பியது.

மலேசியாவில் எளிதாக வேலை வாங்கக்கூடிய மரம் ஜெலுத்தோங். மென்மையானது, இழை சீரானது, இழுத்த இழுப்புக்கு வரும். பென்சில் செய்யவும் சிற்ப வேலைக்கும் பயன்பட்டது. அதே குணமுள்ள இன்னொன்று புலாய் இனம். அதன் உறவான ஏழிலைப்பாலையின் தாவரவியல் பெயரில் 'ஸ்கொலாரிஸ்' என்ற சொல் சேர்ந்ததற்குக் காரணம், அந்த மரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்ததுதான். மலிவு பார்ப்பவர்கள் பிளைவுட்டை எடுப்பார்கள். அதன் மேலடுக்கு மிக மெல்லியது. உளி சற்று அழுந்தினால் சிராய் பெயர்ந்து, கோடே காணாமல் போகும்.

ரப்பர் மரம் இந்த வரிசையில் தனியாகப் பேசத்தக்கது. நட்டு 25, 30 ஆண்டுகளில் பால் வற்றிய மரத்தை வெட்டி எரித்துவந்த காலம் போய், 1980-களிலிருந்து அது மலேசிய மரச்சாமான் தொழிலின் முக்கிய மூலப்பொருளாகிவிட்டது. வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தாவிட்டால், அதிலுள்ள மாவுச்சத்துக்காக வண்டும் பூஞ்சணமும் வந்துவிடும். செதுக்குவதற்குக் கொஞ்சம் கடினம். மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் மையை வாங்காததால், முழுக்கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள் விழும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ரப்பர் கொட்டையை ரப்பர் பலகையிலேயே செதுக்கினால் இந்தக் கீற்று குறையாகாது. கொட்டையின் ஓட்டிலுள்ள புள்ளி, வரிகளோடு கலந்து, செதுக்கியது எது, மரம் தானாகக் கொடுத்தது எது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடும்.

அடுத்தது, சாமானை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்ற கேள்வி. வாவ் பட்டத்தை நேர்முகமாகக் காட்டினால் போதும். அதன் இறக்கையும் பிறைவடிவ வாலும் தட்டையானவை. சொங்காக் பலகையையும் பல்லாங்குழியையும் மேலிருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் சொங்காக் வெறும் ஓடம்போலத் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழியும் இரு முனைகளிலும் உள்ள 'வீடுகளும்' கணக்கில் வரும். குழி என்பது பள்ளம் என்பதற்காக அதைப் பலகையிலும் தோண்டிவிட்டால் வெள்ளை வட்டங்களே கிடைக்கும். குழியின் ஆழம் தெரிய, ஒரு பக்க விளிம்பில் பிறைபோலக் கறுப்பை நிறுத்தி, மறுபக்கத்தை வெள்ளையாக விட வேண்டும். குழிக்குள் கிடக்கும் ஆனைக்குன்றிமணியையோ புளியங்கொட்டையையோ ஒரு சிறு வெள்ளைக் கீறல் உருண்டையாக்கிவிடும்.

பம்பரத்தில் சிக்கல் வேறு. நிற்கும் பம்பரத்தை வரைவது சுலபம். ஆனால் நிற்கும் பம்பரம் யாருடைய நினைவிலும் இல்லை. சுழற்சியைக் காட்ட, பம்பரத்தின் உடலில் படுகிடையாக வளைந்த மெல்லிய வெள்ளைக் கோடுகளை வெட்டலாம். வெளிக்கோட்டை ஒரு பக்கம் முழுதாக வைத்து, மறுபக்கம் விட்டு விட்டுச் செதுக்கலாம். ஆணியின் கீழே தரையில் இரண்டு மூன்று வளையங்கள் போதும். ஐந்தாறு போட்டால் குளத்தில் விழுந்த கல்லாகிவிடும். பழைய சாமானின் தேய்மானத்தையும் விடக்கூடாது. வேறு பம்பரங்கள் குத்திய 'ஆக்கர்' வடு இல்லாத பம்பரம் கடையில் தொங்கும் பம்பரம் மட்டுமே. உளிக்கு இது தோதான வேலை, ஏனென்றால் ஒரு குத்து, ஒரு வெள்ளைப் புள்ளி.

வரைந்ததைப் பலகைக்கு மாற்றும்போது இடம் வலமாகும் என்பதை மறக்கக்கூடாது. தாள் பலகையில் கவிழ்ந்து படிவதால் அச்சில் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாகவே விழும். வாவ் பட்டத்துக்கு இதனால் பாதிப்பில்லை. டின் வண்டியில் எழுத்து இருந்தால் தலைவலி. பம்பரத்தில் சுற்றிய சாட்டைக் கயிற்றை யாரும் யோசிப்பதில்லை. பலகையில் நேராக வரைந்துவிட்டால், அச்சில் கயிறு எதிர்த்திசையில் சுற்றியிருக்கும், வலக்கைக்காரரின் பம்பரம் இடக்கைக்காரருடையதாகிவிடும். டிரேசிங் தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டுக் கார்பன் தாள் வழியாகப் பலகையில் பதிப்பதே பாதுகாப்பு. பிறகு பலகை முழுவதும் நீர்த்த மையை லேசாகப் பூசிக்கொண்டால், வெட்டிய இடம் வெளிறித் தெரியும். வேலை எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்தவுடனே புரியும்.

செதுக்குவதற்கு மூன்று கருவிகள் அடிப்படை. கத்தியால் வெளிக்கோட்டைச் சாய்வாகக் கீறி எல்லை கட்டலாம். 'வி' வடிவ உளி கூரிய கோடுகளுக்கு. அரைவட்ட உளி பரந்த வெள்ளையைத் தோண்ட. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் 'ஜெபோங்' கத்தியின் முனையும் 'வி' வடிவந்தான். அதை மரத்தில் இழுத்து வெட்டுவார்கள், அச்சு உளியைத் தள்ளி வெட்ட வேண்டும். உளி போகும் பாதையில் மறுகை இருக்கவே கூடாது; தொடக்கக்காரர்களின் காயங்கள் பெரும்பாலும் இடக்கையின் ஆள்காட்டி விரலில்தான். கோட்டின் சுவர் கீழே போகப் போக அகன்றிருக்க வேண்டும். அடி குறுகினால் அச்சு எடுக்கும் அழுத்தத்தில் கோடு உடையும். வெள்ளை அகல அகல ஆழமாகத் தோண்ட வேண்டும், இல்லையென்றால் ரோலர் தாழ்ந்து பள்ளத்தின் அடியையும் தொட்டுவிடும். அப்படி விழும் சிதறல் கோடுகளைச் சிலர் துடைக்காமல் வேண்டுமென்றே விடுகிறார்கள். பட்டத்தைச் சுற்றி விட்டால் அது காற்றாகும். அஞ்சாங்கல்லைச் சுற்றி விட்டால் வெறும் அழுக்கு.

எண்ணெய் மையைக் கண்ணாடித் தகட்டில் ரோலரால் மெல்லிய படலமாகப் பரப்பி, பலகையில் பல முறை உருட்ட வேண்டும். ஒரேயடியாக அப்பினால் நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். மல்பெரி நாரில் செய்த மெல்லிய தாள் கையால் எடுக்கும் அச்சுக்கு உகந்தது. தாளை வைத்து, பின்புறத்தை மூங்கில் மடல் போர்த்திய ஜப்பானிய 'பாரென்' கொண்டு தேய்க்கலாம். கிடைக்காதவர்களுக்கு மரக்கரண்டியின் முதுகு போதும். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, மை குறைந்த இடத்தை மறுபடி தேய்க்கலாம் என்பது கையச்சின் பெரிய வசதி. சபா மாநிலத்தின் ரானாவில் 2010-இல் தொடங்கிய பங்ரோக் சுலாப் குழுவினர் பதாகை அளவுக்குப் பெரிய பலகைகளைச் செதுக்கி, துணியை விரித்து, அதன்மேல் ஏறி இசைக்கு ஆடியே அச்செடுக்கிறார்கள். அழுத்தம் எங்கிருந்து வந்தாலும் பலகைக்கு ஒன்றுதான்.

வண்ணம் வேண்டுமென்றால் நிறத்துக்கு ஒரு பலகை செதுக்குவது ஜப்பானிய முறை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் 'கென்தோ' எனும் மூலைக்குறியும் ஓரக்குறியும் வெட்டி, தாளை அதில் முட்டவைத்தால் நிறங்கள் விலகாமல் விழும். இன்னொரு முறையில் ஒரே பலகைதான். முதலில் வெளிர்நிறத்தை அத்தனை தாள்களிலும் அடித்துவிட்டு, பலகையை மேலும் வெட்டி அடுத்த நிறத்தை அதன்மேல் அடிப்பார்கள். முடியும்போது பலகையில் கடைசி நிறத்துக்கான மேடு மட்டுமே இருக்கும். இன்னொரு படி வேண்டுமென்றாலும் எடுக்க வழியில்லை. அரக்குப் பட்டைகள் போட்ட கடைசல் பொம்மைக்கும் வாவ் பட்டத்தின் பூவேலைக்கும் முதல் முறை தகும். ரப்பர் கொட்டைக்கு இரண்டாவது முறையே சிறந்தது: வெளிர்மஞ்சள், அதன்மேல் பழுப்பு, அதன்மேல் கருங்காப்பி என்று அடுக்கினால் கொட்டையின் வரிகள் தாமாகவே வந்து சேரும்.

நல்ல அச்சுகளை மட்டும் பொறுக்கி, அடியில் பென்சிலால் 3/20 என்று எழுதுவது வழக்கம். இருபது படிகளில் அது மூன்றாவது என்று பொருள். இடையில் தலைப்பும் வலப்புறம் கையொப்பமும் வரும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் எண்ணெய் மை காய நாளாகும். படிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் தனித்தனியாகத் தொங்கவிட வேண்டும். மையைத் துடைத்த பலகை வளையாமல் இருக்க, இருபுறமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைப்பார்கள். குறித்த படிகள் முடிந்ததும் இனி அச்செடுக்கப் போவதில்லை என்பதற்கு அடையாளமாகச் சிலர் பலகையின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவதுண்டு.