அன்பே அங்குசம்

ஆண்டாள் நாச்சியார் தம் திருமணக் கனவின் தொடக்கத்தில் கண்டது யானைகளின் அணிவகுப்பை. அந்நாச்சியார் கோயில் கொண்டருளும் திருவில்லிபுத்தூரின் யானை ஜெயமால்யதாவை அடியார்கள் நன்கு அறிவர். அசாமிலிருந்து வந்தவள்.

2021 பிப்ரவரியில், மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடைபெற்ற கோயில் யானைகள் நலவாழ்வு முகாமுக்கு அவள் அழைத்துச் செல்லப்பட்டாள். கல்தளத்தில் நின்று சலித்த கால்களுக்கு மண்தரையும் ஆற்றங்கரையும் ஓய்வு தரும் என்பதே முகாமின் நோக்கம். ஆனால் அங்கேயே அவளை மரத்தில் கட்டி, பாகனும் உதவியாளரும் கழியால் அடிக்கும் காணொளி வெளியாயிற்று. அவள் எழுப்பிய அலறல் கேட்டோர் நெஞ்சை உலுக்கியது. இருவரும் கைது செய்யப்பட்டனர்.

அடியின்றி இத்துணைப் பெரிய உயிர் பணியுமா என்று கேட்போர் உண்டு. பணியும். யானை காலைத் தூக்கிய அக்கணமே ஒரே சொல்லைச் சொல்லி, வெல்லமோ பழமோ கொடுத்தால், அச்சொல்லின் பொருளை அது விரைவில் கற்றுக்கொள்கிறது. தவறினால் தண்டனை இல்லை. பரிசு மட்டும் இல்லை. வளர்ப்பு யானைகளுக்குப் பெருந்துன்பம் தருவது பாதநோய். அச்சமின்றிக் காலை நீட்டப் பழகிய யானைக்கே நகம் சீவவும் புண்ணுக்கு மருந்திடவும் எளிது. ஆக, அன்புப் பயிற்சி யானைக்கு மருத்துவம், பாகனுக்கோ உயிர்க்காவல்.

விருதுநகரில் வளர்ந்த லலிதா என்னும் முதிய யானை தொடர்பான வழக்கில், கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானைகளைப் பெறலாகாது என 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அறிவுறுத்தியது. எனவே இப்போது நம்மிடையே உள்ள யானைகளையேனும் நோகாமல் காப்பது நம் கடமை.

பாகரை மட்டும் பழித்துப் பயனில்லை. மணிக்கணக்கில் யானையை நிற்கவைத்து ஆசி கேட்கும் கூட்டம் நாம்தானே? நாணயம் நீட்டிப் பழக்குவதைத் தவிர்ப்போம். பாகரைக் கேளாமல் உணவு கொடுக்க வேண்டாம். பட்டாசு சோறிடும் நம் மாவட்டத்தில், யானை நிற்கும் இடத்தருகே வெடி வெடிக்காதிருப்போம். நமக்குக் கேளாத மெல்லிய அதிர்வையும் உணரும் செவி அதனுடையது. அடி விழக் கண்டால் மௌனமாகக் கடந்து போகாமல், கோயில் நிர்வாகத்திடம் உடனே தெரிவிப்போம்.

முதலையின் வாயில் சிக்கிய கஜேந்திரன் அழைத்தபோது, எம்பெருமான் கருடன்மேல் விரைந்து வந்தான். யானையின் குரலுக்கு இறைவன் ஓடி வந்தான் என்று கதை கேட்டு உருகும் நாம், அதே குரல் நம் கோயிலில் எழும்போது செவி கொடுக்க வேண்டாமா?