திராட்சைக் கூடையும் ஒரு கன அடி நீரும்

அனுமந்தன்பட்டியில் ஓர் அந்திப் பொழுதில், திண்ணையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், எடையைக் கேட்ட வினாவுக்குக் கிலோவில் விடை எழுதியிருப்பதைக் கண்டு நான் திருத்த முற்பட்டபோது, "திராட்சைக் கூடை இருபது கிலோ எடைன்னுதானே அப்பா சொல்றாரு?" என்று என்னையே மடக்கினான். குற்றம் அவனுடையதன்று, நம் பேச்சு வழக்கினுடையது. சந்தையில் நாம் எடை என்று வழங்குவதைத்தான் பௌதிக நூல் நிறை என்கிறது. நூல் எடை என்று சொல்வதோ, பூமி அக்கூடையைத் தன்பால் இழுக்கும் விசை. அதற்கு அலகு நியூட்டன். தட்டுத் தராசு நிறையோடு நிறையை ஒப்பிடுவதாகையால், சந்திரனுக்கே கொண்டுபோனாலும் இருபது கிலோ என்றே காட்டும்; வில் தராசோ அங்கே ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டும். இந்தப் பேதம் மனத்தில் பதியாத மாணாக்கன், புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 என்ற எண்ணை ஓரிடத்தில் பெருக்க மறப்பான், மற்றோரிடத்தில் இருமுறை பெருக்குவான்.

சூத்திரத்தை உருப்போட வைப்பதைக் காட்டிலும், ஊருக்கருகே ஓடும் முல்லைப் பெரியாற்றையே கணக்காக்கிக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பிரவாகத்தைப் பொறியாளர் பென்னிகுயிக் அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பினாரே, அந்த நீர்தான் இன்று லோயர்கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது.

ஒரு கன அடி நீரின் நிறை ஏறக்குறைய 28.3 கிலோ. அடியில் தொடங்கிய கணக்கை மீட்டருக்கும் கிலோவுக்கும் மாற்றிக்கொள்ளாமல் பெருக்கியவர்கள்தாம் பெரும்பாலும் இங்கே வழுக்கி விழுகிறார்கள். 9.8-ஆல் பெருக்கினால் எடை 277 நியூட்டன். விழும் உயரத்தைக் கணக்கின் சௌகரியத்துக்காக 300 மீட்டர் என்று கொண்டால், கிடைக்கும் சக்தி சுமார் 83,000 ஜூல். வினாடிதோறும் ஒரு கன அடி விழுமானால் அது 83 கிலோவாட்! உராய்விலும் யந்திரத்திலும் ஒரு பங்கு கழிந்துபோகும். பாடநூல் 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று ஒரே வரியில் தப்பித்துக்கொள்வது போல் மின் நிலையப் பொறியாளர் தப்பித்துக்கொள்ள இயலாது.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெரியாற்றில் வினாடிக்கு இத்தனை கன அடி திறப்பு என்று பத்திரிகையில் செய்தி வரும் நாளில், மின் நிலையக் குழாய்களில் இறங்காமல் இரைச்சல் பாலத்தின் வழியே திருப்பிவிடப்படும் நீரை நீக்கிவிட்டு, எஞ்சியதை 83-ஆல் பெருக்கச் சொல்லிக் குழந்தையிடம் கொடுங்கள். விடை எந்த அலகில் என்பதையும் அவனே எழுதட்டும்.