பாடங்களைக் குறைத்த பாடவிதானம்

பாடங்கள் பெருகப் பெருகப் பாடசாலை சிறக்கும் என எண்ணுவோர் நம்மிடையே பலர். லூத்தரின் நண்பர் மெலாங்தன், 1528ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டு லூத்தரன் பாடசாலைகளுக்கென வகுத்த பாடவிதானமோ இதற்கு நேர்மாறானது. அவர் கிரேக்கமொழிப் பேராசிரியர். எனினும் ஜெர்மன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றை விலக்கி, இலத்தீன் ஒன்றையே கற்பிக்குமாறு உபாத்தியாயர்களைப் பணித்தார். பல மொழிகளைச் சுமத்துவது பிள்ளைகளுக்குப் பயன் தராது, தீங்கே செய்யும் என்பது அவர் துணிபு.

மாணவர் மூன்று பிரிவினராயினர். எழுத்தும் வாசிப்பும் பழகுவோர் முதற் பிரிவு; ஈசாப்பின் கதைகளோடு இலக்கணம் பயில்வோர் இரண்டாவது; இலக்கணத்தில் தேர்ந்து வேர்ஜிலையும் சிசரோவையும் கற்போர் மூன்றாவது. தேர்ச்சியே அளவுகோல். நண்பகலுக்குப் பிந்திய முதல் மணி நேரத்தில் மட்டும் சிறியோர் பெரியோர் யாவரும் நாள்தோறும் இசை பயில வேண்டும். இது மிக நல்ல ஏற்பாடு.

ஆனால் தச்சன் மகனுக்கு இலத்தீன் எதற்கு? லூத்தரே 1524இல் நகரசபைகளுக்கு எழுதிய மடலில், சிறுவர் நாளுக்கு ஓரிரு மணி நேரம் கற்று, எஞ்சிய பொழுதில் தொழில் பழகலாம் என்றார். சிறுமியருக்கும் ஒரு மணி நேரம் கேட்டார். அவர்களைச் சாக்சனித் திட்டம் மறந்துவிட்டது. அதே 1528இல் பிரவுன்சுவைக் நகருக்குப் பூகன்ஹாகன் வகுத்த ஒழுங்கிலோ, ஜெர்மன்மொழிப் பாடசாலைகளும் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளும் இடம்பெற்றன.